படுவான்கரை மாட்டுக்காரர் கேட்கும் கேள்விகள்: கறவை மாடு வளர்ப்போர் சங்கத்தின் ஓர் ஆண்டு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருக்கும் எங்கள் சங்கத்தின் செயலாளர் கொப்பி என் கைக்கு வந்த நாளிலிருந்து நான் எங்கே போனாலும் மாட்டைப் பற்றித்தான் பேச்சு. கல்யாண வீட்டில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தால், சினை ஊசி போட்டும் பசு சினை நிற்கவில்லை என்கிறார் ஒருவர். செத்த வீட்டுப் பந்தலில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, சங்கக் காளை எப்போது எங்கள் பக்கம் வரும் என்கிறார் இன்னொருவர். ஒரே பதிலை நூறு தடவை சொல்லி வாய் நொந்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களுடைய வாயிலிருந்து வந்தபடியே இருக்கின்றன.

இது பால் எடுக்கிற சங்கம்தானே? பால் காசு எந்தக் கிழமை போடுவீர்கள்?

பால் எடுப்பவர்கள் வேறு. பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன, மில்கோ, நெஸ்லே நிறுவனங்களுக்குப் பால் சேர்க்கும் நிலையங்கள் இருக்கின்றன. காசைப் பற்றி அங்கே கேளுங்கள். எங்களிடம் பால் கான் ஒன்றுகூட இல்லை.

எங்கள் கவலையெல்லாம் அடுத்த கன்று. எந்தப் பசுவுக்கு எந்தக் காளை, எந்த நாகை, அதாவது ஈனாத இளம் பசுவை, வைத்துக்கொள்வது, எந்த நாம்பனை, அதாவது இளம் காளையை, விற்பது, எந்தப் பட்டிக்கு எப்போது தடுப்பூசி என்பதைப் பார்ப்பதற்காகச் சேர்ந்தவர்கள் நாங்கள்.

என்னிடம் மூன்று மாடுதான். நூறு மாட்டுக்காரர்கள் நடுவில் என்னைச் சேர்ப்பீர்களா?

சேர்ப்போம். மூன்று மாட்டுக்காரருக்கும் ஒரு வாக்கு, முந்நூறு மாட்டுக்காரருக்கும் ஒரு வாக்கு. பெரிய பட்டிக்காரர்கள் இதற்கு முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும். எங்கள் கொப்பியில் ஒழுங்கான கணக்கு இருப்பது பெரும்பாலும் சிறிய வீடுகளிலிருந்துதான். மூன்று மாட்டை வைத்திருப்பவருக்கு ஒவ்வொன்றின் தாயும் பாட்டியும் நினைவில் இருக்கும்.

சங்கத்துக்கு ஆண்டு எப்போது தொடங்குகிறது? சந்தாவை ஏன் புரட்டாதியில் கேட்கிறீர்கள்?

எங்கள் நாட்காட்டியை எழுதுவது வயல். புரட்டாதியில் பெரும்போகத்துக்கான, அதாவது மழைக்கால நெல்லுக்கான, பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டங்கள் நடக்கும். எந்தக் குளத்துத் தண்ணீர் எப்போது திறப்பது, விதைப்பு எந்தத் திகதியில் முடிவது என்று தீர்மானிக்கும் அதே மேசையில்தான் மாடுகளை வயற்பக்கத்திலிருந்து எந்தத் திகதிக்கு முன் அகற்றுவது என்பதும் முடிவாகிறது. அந்தக் கூட்டத்தில் வாய் திறக்க எங்கள் ஆள் ஒருவர் இருக்க வேண்டும். அவருடைய கையில் உறுப்பினர் பட்டியலும் மாட்டுத் தொகையும் இருக்க வேண்டும். அதனால்தான் சந்தாவும் புரட்டாதியில்.

மழைக்கு முன் தொண்டை அடைப்பான் தடுப்பூசி. ஐப்பசியில் பட்டிகள் மேட்டுக் காட்டோர மேய்ச்சல் தரைகளுக்கு ஏறும். கார்த்திகையும் மார்கழியும் வெள்ளக் காலம். பாலத்துக்கு மேல் தண்ணீர் ஓடும்போது மாட்டுக்கு ஊசி போட யாரும் வர முடியாது, கூட்டமும் கூடாது. தையில் பட்டிப்பொங்கல், அதை ஒட்டிக் கன்றுக் கண்காட்சி. மாசி, பங்குனியில் நெல் வெட்டு முடிந்ததும் மாடுகள் தாளடிக்கு, அதாவது அறுத்த வயலுக்கு, இறங்கும். இரண்டு மூன்று கிழமை புதுத் தளிரும் உதிர்ந்த நெல்லும் தின்றால் எலும்பு மறைந்து, மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வேட்கைக்கு, அதாவது காளை தேடும் பருவத்துக்கு, வரும். என்னுடைய தொலைபேசி இரவிலும் அடிப்பது அப்போதுதான். சித்திரை கழிந்தபின் பொதுக்கூட்டமும் காளை மாற்றமும். அதற்குப் பிறகு கோடைச் சிறுபோகம், காய்ந்த கச்சான் காற்று, வற்றிய குளம், வைக்கோல். ஆவணி முடிய மறுபடியும் முதல் வரிக்கு வந்துவிடுவோம்.

மாட்டை அகற்று என்று எல்லாரும் சொல்கிறார்கள். அகற்றி எங்கே கொண்டுபோவது?

இந்தக் கேள்விக்கு என்னிடம் பாதிப் பதில்தான் உண்டு. மயிலத்தமடு, மாதவணைப் பக்கம் எங்கள் தாத்தா காலத்திலிருந்து பட்டி அடைத்த இடங்கள். அங்கே மேய்ச்சல் தரைக்குள் பயிர்செய்ய வந்தவர்களால் உண்டான சிக்கலுக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டம்பரில் சித்தாண்டியில் அறவழிப் போராட்டத்தில் இறங்கினார்கள். அம்பாறை மாவட்டத்தில் வட்டமடுவில் மாட்டுக்காரருக்கும் வேளாண்மைக்காரருக்கும் இடையில் நீண்ட காலமாக இழுபறி. அங்கே இரண்டு பக்கத்திலும் நிற்பவர்கள் தமிழ் பேசுபவர்களே. மாட்டுக்காரருடைய மாமா வேளாண்மைக்காரராக இருப்பதும் உண்டு.

நிலத்தைப் பெற்றுத் தரும் வல்லமை சங்கத்துக்குக் கிடையாது. நாங்கள் செய்வது இரண்டு. முதலாவது, யாருடைய மாடு எத்தனை, எந்தக் குறி, எந்த இடத்தில் அடைக்கிறார்கள் என்ற பட்டியலை ஆண்டுதோறும் பிரதேச செயலகத்திலும் கால்நடை வைத்திய அலுவலகத்திலும் கொடுத்துவைப்பது. எண்ணிக்கை இல்லாதவருடைய முறைப்பாடு வெறும் புலம்பலாகவே கேட்கப்படும். இரண்டாவது, நான்கைந்து சிறிய பட்டிகளை ஒன்றாக்கிச் சம்பளத்துக்கு மேய்ப்பவர்களை வைப்பது. யானை நடமாடும் காட்டோரத்தில் ஒற்றை ஆளைக் குடிலில் விட்டுவிட்டு நாம் வீட்டில் நித்திரை கொள்வது நியாயமில்லை.

பிரீசியன் மாடு கொண்டுவந்தால் நாளுக்கு 20 லீற்றர் கறக்கும் என்கிறார் என் மச்சான். உண்மையா?

மச்சான் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் பார்த்த மாடு நுவரெலியாவில் நின்றிருக்கும். அதே மாட்டை ஆனி மாதத்துக் கச்சான் காற்றில், தகரக் கூரைக்குக் கீழே கட்டினால் வாயைத் திறந்து மூச்சு வாங்கும், தீனி குறையும், பால் இறங்கும், வேட்கை காட்டாமலே மாதங்கள் போகும். உடல் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு பச்சைத் தீவனம் தினமும் வேண்டும். 450 கிலோ மாடு என்றால் 45 கிலோ புல். சிஓ-3 என்ற தீவனப் புல்லை நட்டு, அதற்குத் தண்ணீர் இறைக்க வழி இருந்தால் பேசலாம். வீதியோரப் புல்லை நம்பி இந்த மாட்டை வாங்காதீர்கள்.

எங்கள் பக்கத்துக்குப் பொருந்துவது கலப்பு. கட்டி வளர்ப்பவர்களுக்கு ஜேர்சிக் கலப்பு: உடம்பு சிறிது, தீனி குறைவு, பாலில் கொழுப்பு அதிகம். அவிழ்த்து மேய்ப்பவர்களுக்கு சாகிவால் கலப்பு: வெயிலுக்கும் உண்ணிக்கும் தாக்குப்பிடிக்கும்.

ஒரு கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். நாட்டுப் பசுவுக்கு ஜேர்சி ஊசி போட்டால் கன்றில் ஜேர்சி அரை. அந்தக் கன்று வளர்ந்து மறுபடியும் ஜேர்சி என்றால் முக்கால். அதற்கும் ஜேர்சி என்றால் முக்காலேயரைக்கால். அரையில் பால் ஏறும், முக்காலில் சிலருக்கு ஏறும், முக்காலேயரைக்காலில் வைத்தியச் செலவு ஏறும். அரை தாண்டியதும் சாகிவாலுக்குத் திரும்புங்கள் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். முதல் கன்று தந்த பாலைப் பார்த்தவருக்கு அடுத்ததும் அதே ஊசிதான் வேண்டும்.

அப்படியானால் நாட்டு மாட்டை என்ன செய்வது? அது ஒன்றரை லீற்றர்கூடக் கறக்காதே?

வைத்திருங்கள். அது தவிடு கேட்பதில்லை, பற்றைக் காட்டுக்குள் போய்த் தானே வயிறு நிரப்பிக்கொண்டு வருகிறது. மேலே சொன்ன அரைக்கலப்புக்கு ஒரு பாதி எப்போதும் நாட்டுப் பசுவிடமிருந்துதான் வர வேண்டும். எல்லாவற்றையும் கலந்து முடித்துவிட்டால் பிறகு அந்தப் பாதிக்கு எங்கே போவது?

இரண்டு தடவை ஊசி போட்டேன், சினை நிற்கவில்லை. ஊசி மருந்து சரியில்லையா?

விந்து திரவ நைதரசனில், பூச்சியத்துக்குக் கீழே 196 பாகையில் இருக்கிறது. கொள்கலனில் நைதரசன் குறைந்தால் அது கெட்டுப்போகும் என்பது உண்மை, அப்படி நடந்ததும் உண்டு. ஆனால் எங்கள் கொப்பியைப் புரட்டிப் பார்த்தால் நேரம் தவறிய ஊசிகள்தான் மிக அதிகம்.

பசு 21 நாளுக்கு ஒரு தடவை வேட்கைக்கு வரும். அது ஒரு நாள்கூட நீடிக்காது. நாட்டு மாட்டிலும் சாகிவாலிலும் இன்னும் குறுகியது. கத்துவது, பால் குறைவது, கண்ணாடி போன்ற வழுவழுப்பு வழிவது எல்லாம் அறிகுறிகள். நம்பக்கூடியது ஒன்று: மற்ற மாடு மேலே ஏறும்போது அசையாமல் நிற்பது. காலையில் அப்படி நின்றால் அன்று பின்னேரம் ஊசி. பின்னேரம் நின்றால் மறுநாள் காலை. நம்மவர்கள் முதல் நாள் காலையில் கத்தியதை அன்று இரவு மனைவியிடம் சொல்லி, மறுநாள் பகல் எனக்குத் தொலைபேசி எடுத்து, கால்நடை அபிவிருத்தி உத்தியோகத்தர் மூன்றாம் நாள் வரும்போது, பசு எதுவுமே நடக்காதது போல் அசைபோட்டுக்கொண்டு நிற்கும்.

ஒற்றை மாடு கட்டியிருப்பவர்களுக்கு ஏறிக்காட்ட இன்னொரு மாடு இல்லை. விடிய முன்னும் இரவு படுக்கப் போகுமுன்னும் கொட்டிலுக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். மூன்று தடவை சரியான நேரத்தில் போட்டும் நிற்காவிட்டால் கருப்பையைச் சோதிக்கக் கால்நடை வைத்தியரிடம் காட்ட வேண்டும். நான்காவது ஊசிக்குக் கேட்காதீர்கள்.

எந்த மாதத்தில் சினைப்பட்டால் நல்லது?

பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். பங்குனியில் நின்றால் மார்கழிக் கடைசியில் கன்று. அதாவது பட்டி சேற்றிலும் வாடைக் காற்றிலும் நிற்கும் காலத்தில். மேய்ச்சல் மாடுகளில் இதை நம்மால் மாற்ற முடியாது. தாளடிக்கு இறங்கியதும் அவை வேட்கைக்கு வருவதை மேலே ஆண்டுக் கணக்கில் சொன்னேன். அங்கே செய்யக்கூடியது, சினை மாடுகளைப் பிரித்து மேட்டில், மறைப்பு உள்ள இடத்தில் அடைப்பது.

வீட்டில் கட்டி வளர்ப்பவர்கள் ஆனி வரை பொறுக்கலாம். ஆனியில் நின்றது பங்குனியில் ஈனும். தரை காய்ந்திருக்கும், தாளடிப் பச்சையும் கிடைக்கும். 2022 மார்கழியில் மண்டூஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் பெருந்தொகையான மாடுகள் விறைத்துச் செத்தன. நனைந்த உடம்போடு இரவு முழுவதும் காற்றில் நின்றால் இளங்கன்றும் மெலிந்த தாயும் தாங்குவதில்லை. அதற்குப் பின்தான் பட்டிகளில் வாடைப் பக்கம் மட்டுமாவது கிடுகும் படங்கும் கட்டும் வழக்கம் எங்கள் உறுப்பினர்களிடம் வந்தது.

எருமைக்கும் இதே கணக்கா?

இல்லை. எருமை பத்து மாதத்துக்குச் சற்று மேல் சுமக்கும். வேட்கையை வெளிக்காட்டாமல், அதுவும் பெரும்பாலும் இரவில், முடித்துவிடும். ஆகவே ஊசியை விட நல்ல முரா அல்லது நீலி ராவிக் கிடாவைப் பட்டியில் விடுவது எளிது. பால் அளவு குறைவு என்பவர்களுக்கு ஒரு சொல்: எருமைப் பாலில் கொழுப்பு நூற்றுக்கு ஏழு அளவில் வரும். மட்டக்களப்புச் சட்டித் தயிர் கவிழ்த்தாலும் விழாமல் நிற்பது அதனால்தான்.

சங்கக் காளையை இரண்டு வருடத்தில் ஏன் பறித்துக்கொண்டு போகிறீர்கள்? நல்ல காளை, இருக்கட்டுமே?

நல்ல காளை என்பதால்தான். அது முதல் ஆண்டில் போட்ட நாகுகள் மூன்றாம் ஆண்டில் வேட்கைக்கு வரும். காளைக்கு மகள் என்ற கணக்கு இல்லை. தகப்பனுக்கும் மகளுக்கும் பிறக்கும் கன்றில் நாலில் ஒரு பங்கு மரபணுக்கள் இரண்டு பக்கமும் ஒரே முன்னோனிடமிருந்து வந்தவையாக இருக்கும். கன்று சிறுக்கும், சாகும், தப்பினாலும் பால் வராது. "பட்டிக்குக் கண்ணூறு பட்டுவிட்டது" என்று கழிப்புக் கழித்த ஒருவருடைய பட்டியைப் போய்ப் பார்த்தால், ஒரே காளை ஏழு வருடமாக அரசாண்டு கொண்டிருந்தது.

ஆகவே பொதுக்கூட்டத்துக்குப் பின் காளைகள் இடம் மாறும். உங்கள் காளை பக்கத்து ஊருக்கு, அவர்களுடையது உங்களுக்கு. மாற்ற முன், காலம் வருமுன் கன்றை விழவைக்கும் கன்று வீச்சு நோய்க்கு இரத்தப் பரிசோதனை கட்டாயம். ஒன்றுக்கும் உதவாத நாம்பன்களைக் காலத்தோடு நலமடித்துவிட, அதாவது காயடித்துவிட, வேண்டும். இல்லாவிட்டால் நாங்கள் கொண்டுவரும் காளைக்கு முன் அவை வேலையை முடித்துவிடும்.

சங்கக் காளை என் பட்டியில் நிற்கும்போது செத்தால் யார் காசு கட்டுவது?

நோயால், இடியால், யானையால் செத்தால் சங்கம் தாங்கும். அன்றைக்கே வைத்தியருக்கு அறிவித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. வண்டியில் கட்டியோ, பிறருக்குக் கூலிக்கு விட்டோ செத்தால் முழுப்பொறுப்பும் உங்களுடையது. இதைக் காளை வாங்கும்போது கையெழுத்து வைத்த தாளில் எழுதியிருக்கிறோம். அந்தத் தாளை வாசித்தவர் இதுவரை ஒருவர்கூட இல்லை என்பது என் சந்தேகம்.

குறி சுட்டிருக்கிறது. பிறகு எதற்குக் காது இலக்கமும் கொப்பியும்?

குறி, மாடு யாருடையது என்று சொல்லும். மாடு யார் என்று சொல்லாது. ஒரு பட்டியில் நூறு மாட்டுக்கும் ஒரே குறிதான். காதில் உள்ள இலக்கம்தான் இந்தப் பசுவை அந்தப் பசுவிடமிருந்து பிரிக்கிறது. களவு போன மாட்டைக் கேட்டுப் பொலிஸுக்குப் போனாலும் இரண்டும் கைகொடுக்கும்.

கொப்பியில் பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம். ஈன்ற திகதி, கன்று ஆணா பெண்ணா, தகப்பன் எது, மாதம் ஒரு நாள் காலையும் மாலையும் அளந்த பால், வற்றிய திகதி. ஓர் உறுப்பினர் தன் வெள்ளைப் பசுதான் வீட்டிலேயே சிறந்தது என்று சத்தியம் செய்வார். ஈன்ற புதிதில் குடம் நிரப்பும் பசு அது. ஓர் ஆண்டு அளந்து கூட்டிப் பார்த்தால், ஐந்தாம் மாதமே வற்றிவிடும் வெள்ளையை, பத்து மாதமும் அளவாகக் கறந்த கறுப்பி முந்திவிட்டது. அவர் விற்க விலை பேசியிருந்தது கறுப்பியின் நாகை.

தடுப்பூசி போட்டால் பால் குறைகிறது. போடாமல் விட்டால் என்ன?

இரண்டு மூன்று நாள் சிறிது குறையலாம். கால் வாய் நோய் வந்தால் அந்த ஈற்றுப் பாலே போகும், கன்றும் போகலாம். ஊசி போடாத ஒரு பட்டி தாளடியில் மற்றப் பட்டிகளோடு கலந்தால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். 2020இல் இலங்கைக்குள் வந்த தோல் கழலை நோயை ஈயும் நுளம்பும் பரப்புகின்றன. அவற்றுக்கு வேலி எல்லை தெரியாது.

ஏழாம் மாதத்தில் கன்று வீசிவிட்டது. பேய் வேலை என்கிறார்கள். மறுபடி ஊசி போடலாமா?

பொறுங்கள். கடைசி மூன்று மாதத்துக்குள் கன்று வீசினால் முதலில் நினைக்க வேண்டியது புருசெல்லா என்ற கிருமியால் வரும் கன்று வீச்சு நோய். வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாதீர்கள், நாய் இழுக்க விடாதீர்கள், ஆழமாகப் புதைத்துச் சுண்ணாம்பு போடுங்கள். இரத்தப் பரிசோதனை முடியும்வரை அந்தப் பசுவுக்கு ஊசியும் வேண்டாம், காளையும் வேண்டாம். இந்த நோய் மனிதருக்கும் தொற்றும். விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் மூட்டு வலியுமாக மாதக்கணக்கில் வாட்டும். பச்சைப் பாலைக் குடிக்கும் பழக்கத்தை விடுங்கள், காய்ச்சிய பாலில் கிருமி நிற்காது.

பெண் கன்றுகளுக்கு மூன்று முதல் எட்டு மாத வயதுக்குள் போடும் தடுப்பூசி உண்டு. வயது தெரியாத கன்றுக்கு அதை எப்படிப் போடுவது? இங்கேயும் கொப்பிதான்.

கண்காட்சியில் என் கொழுத்த நாகுக்கு ஏன் பரிசு இல்லை?

எண்ணெய் பூசி, மாலை போட்டு அழகாகத்தான் கொண்டுவந்தீர்கள். பிறந்த திகதி கேட்டபோது "போன வருடத்துக்கு முந்திய பொங்கலுக்குக் கிட்ட" என்றீர்கள். பரிசு பெற்ற கன்று மெலிந்ததுதான், ஆனால் அதன் தாயின் மூன்று ஈற்றுப் பால் அளவும் எழுத்தில் இருந்தது. இந்தத் தீர்ப்புக்காக ஒருவர் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. மூன்றாம் மாதம் வந்து கொப்பி வாங்கிப் போனார்.

ஆண் கன்று பிறந்தால் நட்டம்தானே?

ஒன்றிரண்டு வருடம் வளர்த்தால் நட்டமில்லை. ஏறாவூர், ஓட்டமாவடி, அக்கரைப்பற்று உறுப்பினர்கள் ஹஜ்ஜுப் பெருநாளைக் கணக்கிட்டு நாம்பன் வளர்ப்பார்கள், அப்போது விலை நிற்கும். பெண் கன்றுக்கென்றே பிரித்த விந்தும் இருக்கிறது. பத்துக்கு ஒன்பது பெண் கன்று கிடைக்கும் என்றாலும் விலை கூட, சினை நிற்பது குறைவு. முதல் ஈற்று நாகுக்கு, நேரம் சரியாகப் பார்க்கத் தெரிந்தவர்கள் மட்டும் முயலலாம். ஆணும் பெண்ணுமாக இரட்டைக் கன்று பிறந்தால் அந்தப் பெண் கன்றைத் தாயாக்க வைக்காதீர்கள். பெரும்பாலும் அது மலடு.

அப்பா போய்விட்டார். மாடுகளை அம்மாதான் பார்க்கிறா. அவருடைய உறுப்புரிமையை அம்மாவின் பெயருக்கு மாற்றலாமா?

மாற்றலாம். மரணச் சான்றிதழ்ப் பிரதியும் கிராம உத்தியோகத்தரின் கடிதமும் போதும், புதுச் சந்தா கிடையாது. இறந்தவரின் கொப்பியையும் கொண்டுவாருங்கள். கொப்பி இல்லை என்று சொல்லிவிட்டு ஒரு அம்மா மூன்று வருடத்து நாட்காட்டிகளைச் சுருட்டிக்கொண்டு வந்தா. ஒவ்வொரு கன்று பிறந்த நாளிலும் பென்சிலால் ஒரு சுழி, பக்கத்தில் தாயின் பெயர். சுழித்தது யார் என்று கேட்டேன். "அவருக்கு எழுத எங்கே நேரம், நான்தான்" என்றா. அந்த நாட்காட்டிகளிலிருந்து பதினொரு மாட்டின் விபரத்தை அன்று மாலையே பதிந்துவிட்டோம். சனிக்கிழமைகளில் பின்னேரம் நான் சங்கக் கொட்டிலில் இருப்பேன்.